மண்ணுக்குத்தான் விலை, வீடு இனாம்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். திருச்சியில் வாடகைக்கு இருக்கிறோம். முதல் சொந்த வீடு தேடி அலைந்ததில் எந்த அபார்ட்மென்ட்டும் மனதுக்கு ஒட்டவில்லை. போன மாதம் 1958-இல் கட்டிய ஒரு தனி வீட்டைப் பார்த்தோம். சிவப்புத் தரை, வளைந்த சன்ஷேட், வாசல் கிரில்லில் கதிர் விரிக்கும் சூரியன். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் விற்கிறார்கள். "இடித்துக் கட்டுவதென்றால் வாங்குங்கள்" என்கிறார் மாமனார். "நாளைக்கே அட்வான்ஸ் கொடுங்கள்" என்கிறார் தரகர். அந்தத் தரையில் கால் வைத்ததிலிருந்து எனக்கு வேறு வீடு பிடிக்கவில்லை. வாங்கலாமா? – வாசகி, திருச்சி

பதில்: தரையில் மயங்கிவிட்டீர்கள். சரி, அடுத்த தடவை போகும்போது தரையைப் பார்க்காதீர்கள். அண்ணாந்து பாருங்கள்.

1958 வீடு என்றால் கூரை பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸாக இருக்கும், அல்லது ஆரம்பகால ஆர்.சி.சி.யாக, அதாவது கம்பி வைத்த கான்கிரீட் தளமாக இருக்கும். கூடத்துக்கு ஒன்று, பின்னால் சேர்த்த அறைக்கு இன்னொன்று என்று கலந்தும் இருக்கலாம். தேக்கு உத்தரங்கள் வரிசையாகத் தெரிந்தால் அது மெட்ராஸ் டெரஸ். உத்தரங்களுக்கு மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்கல்லாக வைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, ஆள் வைத்து நாள் கணக்கில் தட்டி இறுக்கி, கடைசியாகத் தட்டோடு என்னும் தட்டையான ஓட்டைப் பதிப்பார்கள். வெயில் காலத்தில் அதன் கீழே படுத்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

உத்தரத்தின் நடுப்பகுதியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். சுவருக்குள் செருகியிருக்கும் முனைதான் முதலில் இற்றுப்போகும். எங்கள் பாட்டி வீட்டில் தட்டோட்டின் ஓரம் விரிசல் விட்டிருந்தது. நாங்களோ ஒவ்வொரு பொங்கலுக்கும் உள்ளே வெள்ளையடித்து ஈரக்கறையை மறைத்துக்கொண்டே வந்தோம். ஒரு கார்த்திகை மழையில் மூன்று உத்தரங்கள் சேர்ந்தாற்போல் இறங்கின. யாருக்கும் அடிபடவில்லை, அவ்வளவுதான் எங்கள் அதிர்ஷ்டம். அதனால் விற்பதற்கு முன் கூரைக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

எல்லோரும் மரக்கூரையைக் கண்டு பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது அந்தக் கால ஆர்.சி.சி.க்குத்தான். அப்போது போட்டது வழுவழுப்பான மைல்டு ஸ்டீல் கம்பி, அதை மூடிய கான்கிரீட்டும் மெல்லிசு. ஈரம் புகுந்து துரு ஏறினால் கம்பி பருத்து, கீழே சில்லுச் சில்லாக உதிரும். உத்தரம் கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். தளம் முழுக்கத் துருப்பிடித்துவிட்டால் சிமென்ட் பூசி மறைப்பதில் பயனில்லை. வளைந்த சன்ஷேட்டின் அடிப்பக்கத்தையும் பாருங்கள், நோய் அங்கேதான் முதலில் வெளியே தெரியும். இதற்கெல்லாம் தரகர் அழைத்து வரும் மேஸ்திரி வேண்டாம். உங்கள் காசில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிப் போங்கள். வங்கியும் பெரும்பாலும் அவர் சான்றிதழைக் கேட்கும், கட்டடத்துக்கு இன்னும் எத்தனை வருட ஆயுள் என்று பார்த்துத்தான் கடனின் காலத்தை முடிவு செய்யும்.

அப்புறம் தெரு. வாசற்படியில் நின்று பாருங்கள், வீடு தெருவைவிடத் தாழ்ந்திருக்கிறதா? பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில், மூன்று படி ஏறிப் போன வீடுகள் இன்று இறங்கிப் போகும் வீடுகளாகிவிட்டன. கூரையைச் சரிசெய்யலாம், தெருவை உங்களால் இறக்க முடியாது. என்னைக் கேட்டால், மழைத் தண்ணீர் உள்ளே வரும் வீட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுவேன்.

மரச்சட்டத்தில் ஓடும் பழைய வயரிங்கை முழுக்கப் பிடுங்கிவிட்டு எர்த்தோடு புதிதாகப் போட வேண்டும், இதில் பேச்சே இல்லை. தண்ணீர் வரும் ஜி.ஐ. இரும்புக் குழாய்களுக்கும் அதே கதிதான். சுவர் சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அதன்மேல் சிமென்ட் பூசவிடாதீர்கள், ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஊறும். உங்கள் சிவப்புத் தரையில் ஒரு இடம் உடைந்தால் ஒட்டுப் போட்டது ஒட்டுப் போட்டதாகவே தெரியும், அதே நிறம் திரும்ப வராது. எனக்கு அந்த ஒட்டுகள் பிடிக்கும். உங்களுக்குப் பிடிக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

'பிள்ளைகள் விற்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை பிள்ளைகள்? கட்டிக்கொடுத்த பெண்கள் இருக்கிறார்களா? இந்துக் குடும்பமாக இருந்து, சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டியவர் உயில் எழுதாமல் போயிருந்தால், 1956 வாரிசுச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. "அக்கா சிங்கப்பூரில் இருக்கிறாள், அவளுக்கு ஆட்சேபணை இல்லை" என்பதெல்லாம் பத்திரம் ஆகாது. அவர் கையெழுத்துப் போட வேண்டும், பவர் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். வில்லங்கமும் முப்பது வருடத்துக்குப் பார்த்தால் போதாது, மூலப் பத்திரம் வரை போங்கள். இணையத்தில் பெரும்பாலும் 1975-லிருந்துதான் கிடைக்கும். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேட வைக்க வேண்டும்.

விலைக்கு வருவோம். இத்தனை வயதான கட்டடத்துக்கு மதிப்பீட்டாளர் பெரிதாக எதுவும் போடமாட்டார், மனையைத்தான் கணக்கிடுவார். நீங்களும் அப்படியே பேசுங்கள். தேக்கு, கிரில், ஊஞ்சல் என்று தரகர் பாட்டுப் பாடினாலும் மண்ணுக்கு மட்டும் விலை. வீடு இனாம், ஆனால் இனாமாக வரும் வீட்டை நிமிர்த்த ஆகும் செலவுதான் அதன் உண்மையான விலை. இன்ஜினியர் சொல்லும் தொகையை மனை விலையோடு கூட்டி, அதே தெருவில் இன்றைக்குப் புதிதாகக் கட்டினால் என்ன ஆகும் என்று ஒப்பிடுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் தனி, இதைக் கைக்காசில்தான் கட்ட வேண்டியிருக்கும்.

மாமனார் சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள். கூரை தேறாது என்றால் அவர் சொல்வதுதான் சரி. தேறும் என்றால், இன்றைய விதிப்படி சுற்றிலும் விட வேண்டிய இடத்தை விட்டபின் புது வீட்டில் கூடம் எவ்வளவு சுருங்கும் என்று அவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள். அந்தக் கிரில் சூரியனைப் பார்த்து அவர் கட்சி விவகாரம் என்று நினைத்தால், அது ஆர்ட் டெகோ என்ற அந்தக் காலத்துக் கட்டட ஃபேஷன் என்று சொல்லிவையுங்கள்.

அட்வான்ஸ் நாளைக்கு வேண்டாம். ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்து ஓயட்டும், மறுநாள் காலை போய்க் கூரையையும் வாசலையும் பாருங்கள். அதற்குள் வேறு ஆள் வந்துவிடுவார் என்று தரகர் சொல்வார், சொல்லட்டும். எல்லாம் கூடிவந்தால் கதவு, நிலை, ஜன்னல், கிரில், ஊஞ்சல் கொக்கி உட்பட என்று அக்ரிமென்ட்டில் ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். பழைய மரக்கடைக்காரர்கள் உங்களுக்கு முன்பே அந்த வீட்டைப் பார்த்திருப்பார்கள்.