உட்கார்ந்தால் போதாது, எழுந்திருக்கவும் வர வேண்டும்
சோபா: வாசகர் கேள்வி – பதில்

ஆடித் தள்ளுபடி விளம்பரங்கள் வந்ததுமே சோபா பற்றிய கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதில்.

எங்கள் ஃபிளாட்டில் ஹால் 15க்கு 11 அடி. நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். மாமியாருக்கு 72 வயது, முட்டிவலி உண்டு. 9க்கு 6 அடியில் எல் ஷேப் சோபா ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். வாங்கலாமா?
– வாசகி, கொளத்தூர்

ஹாலில் அடங்கும். ஆனால் உங்கள் மாமியாருக்கு ஒத்துவராது. அதனால் அதை அப்படியே வாங்க வேண்டாம்.

முதலில் இடக் கணக்கு. 15 அடிச் சுவரை ஒட்டி 9 அடிப் பக்கத்தைப் போட்டால், நீண்டு வரும் லாஞ்சர் பக்கம் சுவரிலிருந்து 6 அடி தூரம் வந்து நிற்கும். எதிர்ச்சுவரில் டிவி யூனிட் ஒன்றேகால் அடி என்றால், நடுவே மூன்றேமுக்கால் அடி மிஞ்சும். நடந்து போக இரண்டரை அடி இருந்தால் போதும் என்பதால் இதில் பிரச்சினை இல்லை. லாஞ்சர் எந்தப் பக்கம் வருகிறது என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். "லெஃப்ட்" என்றால் சில கடைகளில் சோபாவைப் பார்த்து நிற்பவரின் இடது, சில கடைகளில் அதில் உட்கார்ந்திருப்பவரின் இடது. வாய்வார்த்தையோடு விடாமல், கதவையும் பால்கனியையும் குறித்து ஒரு சின்னப் படம் வரைந்து பில்லோடு சேர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால், சோபா அளவுக்கு நியூஸ் பேப்பரைத் தரையில் ஒட்டி இரண்டு நாள் விட்டுவையுங்கள். துணி காயப்போடப் பால்கனிக்குப் போகும்போதெல்லாம் அதை மிதித்துக்கொண்டு போகிறீர்கள் என்றால், சோபா வந்த பிறகு தினமும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.

இன்னொன்று, இரண்டு பக்கமும் சீட் உள்ள எல் ஷேப்பில் மூலை இடத்தில் யாரும் விரும்பி உட்கார மாட்டார்கள். கால் நீட்ட இடமில்லை, பக்கத்தில் இருப்பவரின் முட்டி இடிக்கும். ஆறு பேர் சோபா என்று விற்பது நடைமுறையில் ஐந்து பேருக்குத்தான்.

இனி மாமியார் விஷயம். அவரைச் செருப்பில்லாமல் ஸ்டூலில் உட்கார வைத்து, தரையிலிருந்து முட்டியின் பின்மடிப்பு வரை டேப்பில் அளந்துகொள்ளுங்கள். சோபாவில் ஆள் உட்கார்ந்து ஃபோம் அமுங்கிய பிறகும் சீட் உயரம் இந்த அளவுக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கூடுதலாகவோ இருக்க வேண்டும். கடையில் சொல்லும் உயரம் ஆள் உட்காராதபோது அளந்தது. அதில் ஒன்றரை, இரண்டு அங்குலம் கழித்துவிடுங்கள். பெரியவர்களுக்கு 18 முதல் 20 அங்குலம் தேவைப்படும். இப்போது ஷோரூம்களில் அழகாகத் தெரியும் தாழ்வான மாடல்கள் பல 16 அங்குலம்தான்.

ஆழமும் முக்கியம். முதுகு சாய்மானத்தில் பட்டிருக்கும்போது முட்டியின் பின்பக்கத்துக்கும் சீட் விளிம்புக்கும் நடுவே இரண்டு, மூன்று விரல் நுழைய வேண்டும். ஐந்தடி உயரமுள்ளவருக்கு 19, 20 அங்குல ஆழம் சரி. லாஞ்ச் மாடல்களில் 24 வரை வைக்கிறார்கள். அதில் குட்டையானவர் சாய்ந்தால் கால் தொங்கும், கால் ஊன்றினால் முதுகு தொங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். அது நழுவிக்கொண்டேதான் இருக்கும்.

கடையில் யாரும் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. எழுந்திருக்கும்போது நாம் பாதத்தை முட்டிக்குப் பின்னால் இழுத்து ஊன்றித்தான் எழுகிறோம். தரை வரை பெட்டி மாதிரி அடைத்த சோபாவில் குதிகால் பின்னால் போக வழியில்லை. முழுப் பாரமும் முட்டியில் இறங்கும். அதனால் கால் வைத்த, அடியில் குறைந்தது 5 அங்குல இடைவெளி உள்ள மாடலாகப் பாருங்கள். மாப் போடவும் அதுதான் வசதி. கைப்பிடி சீட்டிலிருந்து 7 முதல் 9 அங்குல உயரத்தில், அழுத்தி எழும் அளவுக்குக் கெட்டியாக, சீட்டின் முன்விளிம்பு வரை வர வேண்டும். லாஞ்சர் பக்கத்தில் கைப்பிடி பெரும்பாலும் இருக்காது.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது: ஆறரை அல்லது ஏழடியில் மூன்று பேர் சோபா, பிள்ளைகளுக்குத் தனியாக நகர்த்தக்கூடிய ஓர் ஆட்டோமான் (முதுகும் கைப்பிடியும் இல்லாத மெத்தை இருக்கை), மாமியாருக்குக் கைப்பிடியும் உயரமான முதுகும் உள்ள தனி ஒற்றை நாற்காலி. ஆட்டோமானைச் சோபாவின் முன்னால் இழுத்துப் போட்டால் எல் ஷேப் கிடைத்துவிடும். விருந்தாளி வந்தால் அதுவே ஸ்டூல். கடைக்கு மாமியாரையும் அழைத்துப் போங்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து, யார் கையையும் பிடிக்காமல் அவர் எழுந்து காட்டட்டும்.

பணம் கட்டும் முன் லிஃப்ட் கதவு, படிக்கட்டு திரும்பும் இடம், வாசல் கதவு மூன்றையும் அளந்துவிடுங்கள். ஏழடி சோபா சாதாரண அபார்ட்மென்ட் லிஃப்டுக்குள் போகாது, படியில்தான் ஏற்ற வேண்டும். சோபாவின் உயரம், ஆழம் இரண்டில் எது குறைவோ அது வாசல் அகலத்தைவிட இரண்டு அங்குலமாவது சிறியதாக இருக்க வேண்டும். திருகிக் கழற்றும் கால் என்றால் அந்த உயரமும் மிச்சம்.

மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய லெதர் சோபா செதில் செதிலாக உரிகிறது. உட்கார்ந்து எழுந்தால் துணியெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. பசை, ஸ்ப்ரே ஏதாவது உண்டா?
– வாசகர், திருவான்மியூர்

இல்லை. அது தோல் இல்லை, துணியின் மேல் பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பூச்சின் கட்டமைப்பையே உடைக்கிறது. கடற்கரை ஓரத்தில் வருடம் முழுக்க ஈரக்காற்று. அதோடு வியர்வையும் தலையில் வைக்கும் தேங்காய் எண்ணெயும் சேர்கின்றன. முதலில் தலை சாயும் இடமும் கைப்பிடியும் உரிவது அதனால்தான். ஒரு கிழிசலுக்கு ஸ்டிக்கர் ஒட்டலாம். உரிய ஆரம்பித்ததைப் பசை போட்டு நிறுத்த முடியாது; பக்கத்து இடமும் அடுத்தடுத்து உரியும். இதில் செலவழிக்காதீர்கள்.

பழைய பிவிசி ரெக்சின் இப்படி உரியாது. ஆனால் நாளாக ஆக இறுகி வெடிக்கும், மே மாதத்தில் தொடை ஒட்டிக்கொள்ளும். அசல் தோல் பெரியமேட்டில் கிடைக்கும். விலை அதிகம், ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிக்காமல் காய்ந்த துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தோல் தூளை அரைத்து ஒட்டிய பாண்டட் லெதர் எதற்கும் ஆகாது.

ஃபிரேம் நன்றாக இருந்தால் துணிக்கு மாற்றிவிடுங்கள். நெருக்கமாக நெய்த, பருத்தி கலந்த பாலியெஸ்டர் சென்னைக்குச் சரி. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இழைகளுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாகத் தெரியக் கூடாது. ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் இருபது முறை தேய்த்துப் பார்த்தால் சாயம் ஏறக் கூடாது. துணி கேட்லாக்கில் மார்ட்டின்டேல் என்று ஓர் எண் இருக்கும். எத்தனை உரசலைத் தாங்கும் என்பது அது. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 25,000க்குக் குறையாமல் பாருங்கள். வெல்வெட்டும் ஸ்வேடும் தொட மெத்தென்று இருக்கும், ஆனால் சூட்டையும் தூசியையும் பிடித்துவைக்கும்.

54 அங்குல அகலத் துணி என்றால் மூன்று பேர் சோபாவுக்கு 10 முதல் 12 மீட்டர் ஆகும். கோடு, பெரிய பூ டிசைன் என்றால் பொருத்தித் தைக்க இன்னும் ஆறில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். உறையில் ஜிப் இருப்பதாலேயே துவைக்கலாம் என்று அர்த்தமில்லை, பல சமயம் அது ஃபோமை நுழைப்பதற்கு மட்டும்தான். துவைக்கப் போகிறீர்கள் என்றால் வெட்டுவதற்கு முன்பே துணியை ஒருமுறை தண்ணீரில் நனைத்துக் காயவைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பகுதியில் இரும்புக் கால் வேண்டாம். உப்புக்காற்றோடு ஈர மாப்பும் சேர்ந்து அதை அடியிலிருந்து அரித்துவிடும். மரக்கால் போட்டு அடியில் நைலான் புஷ் அடித்துவிடுங்கள்.

சோபா வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை, நடு சீட் குழி விழுந்துவிட்டது. ஃபோமை மாற்றி 40 டென்சிட்டி போடச் சொல்கிறார் வேலை செய்பவர். சரியா?
– வாசகர், அம்பத்தூர்

கோளாறு ஃபோமில்தான் என்று தெரிந்த பிறகு மாற்றுங்கள். குஷனைத் தனியாக எடுத்துச் சமதரையில் வைத்து, நடுவிலும் ஓரத்திலும் உயரத்தை அளந்து பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஃபோம் செத்துவிட்டது. தரையில் குஷன் சமமாக இருந்து, சோபாவில் வைத்தால் மட்டும் குழி விழுகிறதென்றால் கோளாறு கீழே.

சோபாவைக் கவிழ்த்து, அடியில் அடித்திருக்கும் கறுப்புத் துணியின் ஸ்டேப்பிள் பின்களைத் தட்டை ஸ்க்ரூ டிரைவரால் ஒரு பக்கம் மட்டும் நெம்பி எடுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஜிக்ஜாக் ஸ்பிரிங் என்றால், கட்டையில் அதைப் பிடித்திருக்கும் கிளிப் கழன்று தொங்கலாம். புது கிளிப்பை ஆணிக்குப் பதில் ஸ்க்ரூ போட்டு மாட்டினால் வேலை முடிந்தது. 22 அங்குல சீட்டுக்கு ஐந்து ஸ்பிரிங் இருக்க வேண்டும். மூன்றுதான் இருந்தால் இன்னும் இரண்டு போடச் சொல்லுங்கள். எலாஸ்டிக் பெல்ட் என்றால், விரலால் இழுத்து விட்டதும் சட்டென்று திரும்ப வேண்டும். துவண்டு கிடந்தால் மொத்தமும் மாற்ற வேண்டும்: இரண்டு விரல் இடைவெளிக்கு மேல் விடாமல், குறுக்கும் நெடுக்கும் பின்னி, இழுத்து அடிக்க வேண்டும். நடுக்கட்டையே விரிந்திருந்தால் அதுதான் உண்மையான செலவு. பேக்கிங் பெட்டிக் கட்டையில் ஃபிரேம் போட்ட சோபாக்களில் இது சகஜம்.

செலவைக் குறைக்க ஸ்பிரிங்குக்குப் பதில் பிளைவுட் அடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படியானால் ஓர் அங்குலத் துளைகள் பல போட வேண்டும். காற்று போக வழியில்லாவிட்டால் ஃபோமின் அடிப்பக்கம் வியர்வை ஈரத்தில் நாற்றம் பிடிக்கும்.

இப்போது டென்சிட்டி. 40 என்றால் கெட்டி, 32 என்றால் மெத்து என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். ஃபோம் எவ்வளவு நாள் உழைக்கும் என்பதை அது காட்டும்; கெட்டியா மெத்தா என்பது வேறு கணக்கு. எடை என்பதால் நீங்களே சரிபார்க்கலாம். 22க்கு 22 அங்குலம், 5 அங்குலத் தடிமன் உள்ள துண்டு, 40 டென்சிட்டி என்றால் சுமார் 1 கிலோ 590 கிராம் இருக்க வேண்டும். 32 என்றால் 1 கிலோ 270 கிராம். 700 கிராம்தான் நிற்கிறது என்றால் உங்களுக்குக் கொடுத்தது 18. வெட்டிய விளிம்பை விரலால் தேய்த்துப் பார்க்கவும் மறக்காதீர்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால், எடை காட்டுவதற்காகச் சுண்ணாம்புத் தூள் கலந்த ஃபோமாக இருக்கும்.

சீட்டுக்கு 32 போதும், கனமானவர்கள் தினமும் உட்கார்ந்தால் 40. 4 அங்குலம் இதைப் போட்டு, மேலே ஓர் அங்குலம் மெத்தான ஃபோம், அதைச் சுற்றி பாலியெஸ்டர் ஃபைபர். சாய்மானத்துக்கு 23 தாராளம், அங்கே 40 போடுவது வீண்செலவு. உறையைவிட ஃபோமை அரை அங்குலம் பெரிதாக வெட்டினால்தான் துணி சுருங்காமல் நிற்கும். மூன்று சீட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அது மேடாகத் தெரியும்.

பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் பழைய தேக்கு சோபா பார்த்தேன். நம்பி வாங்கலாமா?
– வாசகர், குரோம்பேட்டை

மரத்தை மட்டும் நம்பி வாங்கலாம், குஷனை அங்கேயே விட்டுவிடுங்கள். முன்கால் ஒன்றை அரையடி தூக்குங்கள். மற்ற முன்காலும் கூடவே எழும்பினால் ஃபிரேம் இறுக்கமாக இருக்கிறது. அது தரையிலேயே நின்றால் இணைப்புகள் தளர்ந்துவிட்டன. கட்டையில் குண்டூசித் தலை அளவு துளையும் அடியில் மாவு போன்ற தூளும் இருந்தால் வண்டு அரிக்கிறது, வேண்டாம். இணைப்புச் சந்துகளில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. வீட்டுக்குள் ஏற்றும் முன் எல்லாச் சந்துகளிலும் ஸ்டீம் கிளீனரை மெதுவாக நகர்த்தி அடியுங்கள். 50 டிகிரிக்கு மேல் சூடு பட்டால்தான் முட்டையும் சாகும். தப்பிய முட்டைகள் பொரிந்திருக்கலாம் என்பதால் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அடிக்க வேண்டும்.

தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். 2015லும் 2023 மிக்ஜாம் புயலிலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்து இரண்டு சோபா போய்விட்டது. இனி என்ன வாங்குவது?
– வாசகி, வேளச்சேரி

குஷனைத் தனியாகத் தூக்கி எடுக்கக்கூடிய மரச்சட்ட சோபா. மழை எச்சரிக்கை வந்ததும் குஷனை மட்டும் பரண் மேல் போட்டுவிடலாம். தேக்கு அல்லது வேம்புச் சட்டம் ஒருநாள் தண்ணீரில் நின்றாலும், கழுவி நிழலில் காயவைத்தால் தேறிவிடும். வெயிலில் போட்டால் வெடிக்கும். பிளைவுட் பாகம் இருந்தால், தண்ணீரைத் தாங்கும் மெரைன் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 710 முத்திரை உள்ளதா என்று பாருங்கள். பார்ட்டிகிள் போர்டு ஒருமுறை நனைந்தாலே ஊதிப் பிளந்துவிடும்.

தெருத் தண்ணீரில் ஊறிய ஃபோமை மட்டும் காயவைத்து மறுபடி பயன்படுத்தாதீர்கள். மேலே காய்ந்துவிடும், உள்ளே சாக்கடைக் கிருமியும் பூஞ்சையும் தங்கிவிடும். உறையை வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்து வைத்துக்கொண்டு, அதே அளவுக்குப் புது ஃபோம் வெட்டி வாங்குங்கள். நனைந்த பழைய ஃபோமைத் தெருவோரத்தில் போட்டால் அடுத்த மழைக்கு மழைநீர் வடிகாலில் போய் அடைக்கும். மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லி எடுத்துப்போக ஏற்பாடு செய்யுங்கள்.