30% கிளாஸ் (கண்ணாடி இழை) கலந்த நைலான் பாகம் கோணாமல், விரிசல் விடாமல் வர இன்ஜெக்ஷன் மோல்டிங் மெஷினில் எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?

நீங்கள் ஷிப்ட் பார்க்கிற செட்டர் என்றே எடுத்துக்கொள்கிறேன். சூப்பர்வைசர் வந்து, "ஹோல்டிங் பிரஷரை ஏத்து, கூலிங் டைமைக் கூட்டு" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். நீங்களும் இரண்டையும் செய்து பார்த்திருப்பீர்கள். பாகம் கொஞ்சம் மாறியிருக்கும், சரியாகியிருக்காது. அதனால்தான் இங்கே வந்து கேட்கிறீர்கள்.

கண்ணாடி இழை எந்தப் பக்கம் பார்த்துப் படுக்கும் என்பது பெரும்பாலும் மோல்டில் கேட், அதாவது உருகிய மெட்டீரியல் உள்ளே நுழைகிற வாய், வைக்கும்போதே முடிவாகிவிடுகிறது. மெஷினில் நின்றுகொண்டு நாம் மாற்றக்கூடியது கொஞ்சம்தான். இதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு மாத இன்சென்டிவை இழந்தேன்.

2009ல் கோயம்புத்தூரில் கணபதி பக்கம் ஒரு ஜாப் ஒர்க் கம்பெனியில் செட்டராக இருந்தேன். பம்ப் மோட்டாரின் பின்னால் வருகிற கூலிங் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, நைலான் 66, 30% கிளாஸ். ஷாஃப்டில் அடித்து ஏற்றும்போது நடு ஓட்டையைச் சுற்றியுள்ள வளையத்தில் விரிசல் விட்டது, அதுவும் எப்போதும் ஒரே இடத்தில், கேட்டுக்கு நேர் எதிரே. மெட்டீரியலை நான் சரியாகக் காய வைக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். 80 டிகிரியில் 4 மணி நேரம் போட்டதை ஷிப்ட் வாரியாக நோட்டில் எழுதி வைத்திருந்தேன், அதை ஒருவர்கூடத் திறந்து பார்க்கவில்லை.

டூல் ரூமில் இருந்த ஒரு அண்ணன்தான், "ஷார்ட் ஷாட் அடிச்சு வரிசையா வை, தம்பி" என்றார். 60, 75, 90, 95% என்று கேவிட்டி, அதாவது மோல்டின் உள்குழி, முழுதாக நிரம்பாமல் அடித்து மேஜையில் வைத்தோம். ஒரு பக்கத்திலிருந்து நுழைகிற மெட்டீரியல் நடு ஓட்டைக்காக மோல்டில் நிற்கிற பின்னைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து போய் எதிர்ப்பக்கம் முட்டிக்கொள்வது அப்படியே தெரிந்தது. முட்டுகிற இடமும் விரிசல் விடுகிற இடமும் ஒன்றேதான். இன்னொரு ஃபேனை டெஸ்டிங் லேபில் கொடுத்து 600 டிகிரி அடுப்பில் வைத்து எடுத்தோம். பிளாஸ்டிக் எல்லாம் எரிந்து வெள்ளையாகக் கண்ணாடிக் கூடு மட்டும் நின்றது. அந்தக் கோட்டில் விரல் பட்டதும் பிரிந்துவிட்டது. அந்த இடத்தைத் தாண்டி ஒரு இழையும் போகவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

வாய்க்காலில் வைக்கோல் மிதந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். கரையோரத்தில் வருகிற துரும்பு ஓட்டத்தோடு நீளவாக்கில் திரும்பிக்கொள்ளும். மடை திறந்து தண்ணீர் வயலுக்குள் விரிகிற இடத்தில் குறுக்காகத் திரும்பும். மோல்டுக்குள்ளும் அதேதான், சுவரை ஒட்டிய அடுக்கில் இழை ஓட்டத்தின் திசையில் படுக்கிறது, நடு அடுக்கில் பெரும்பாலும் குறுக்கே. இரண்டு ஓட்டம் முட்டுகிற வெல்டு லைனில் இழைகள் அந்தக் கோட்டோடு சேர்ந்தே படுத்துவிடும், ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தோடு தைக்க ஆள் இல்லை. கோணுவதற்கும் இதுதான் காரணம். இழை படுத்திருக்கும் திசையில் சுருக்கம் சுமார் 0.3%தான், குறுக்கே அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும்.

கடைசியில் நடு ஓட்டை முழுவதும் மெல்லிய தட்டு மாதிரி கேட் வரும்படி, அதாவது டயஃப்ரம் கேட்டாக, மோல்டை மாற்றினார்கள். மெட்டீரியல் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் விரிவதால் வளையத்தில் முட்டுகிற இடமே இல்லாமல் போனது. பீஸுக்கு ஒரு டிரில்லிங் வேலை கூடியது, அதற்காகத்தான் முதலாளி அதுவரை ஒத்துக்கொள்ளவில்லை. விரிசல் நின்றது. பிடித்த இன்சென்டிவ் மட்டும் திரும்ப வரவே இல்லை.

செட்டிங்கே தேவையில்லை என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளாஸ் இல்லாத பாகத்தில், பாலிகார்பனேட், ஜிபி ஸ்டைரின் போன்ற பிளாஸ்டிக்கில், செட்டிங்குக்கு நிறைய வேலை உண்டு. இழுபட்டு நீண்ட மூலக்கூறுகள் சூடு இருக்கும்வரை பழையபடி சுருண்டுகொள்ளப் பார்க்கும், அதனால் மெல்ட் சூட்டையும் மோல்டு சூட்டையும் ஏற்றினால் பலன் நன்றாகவே தெரியும். கண்ணாடி இழைக்கு அப்படிச் சுருண்டுகொள்ளும் குணம் கிடையாது, உறைந்த இடத்தில் உறைந்ததுதான். கிளாஸ் நைலானில் மோல்டை 90 டிகிரியில் வைத்தால் வெல்டு லைன் கொஞ்சம் நன்றாக ஒட்டும், ஆனால் இழை தாண்டிப் போகாது. உறைகிற நேரத்திலேயே இரண்டு பிஸ்டனால் மாற்றி மாற்றித் தள்ளி இழையைத் திருப்புகிற முறையை 1980களில் இங்கிலாந்தில் புரூனல் பல்கலைக்கழகத்தில் ஆலன், பெவிஸ் இருவரும் உருவாக்கினார்கள். அருமையான வேலை அது, ஆனால் நம்மைப் போன்ற ஜாப் ஒர்க் கடையில் அந்த மெஷின் இருக்காது. முட்டுகிற இடத்துக்கு வெளியே ஒரு சின்ன ஓவர்ஃப்ளோ பாக்கெட் வெட்டி, கோடு கடந்தும் ஓட்டம் போகும்படி செய்வது நம் டூல் ரூமிலேயே முடியும்.

இப்போது சொந்தமாக இரண்டு மெஷின் வைத்திருக்கிறேன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். கேட் இடத்தை ஆர்டர் தருகிற கம்பெனிக்காரர்களே டிராயிங்கில் குறித்து அனுப்புகிறார்கள், கோணினால் நாம்தான் இலவசமாக மோல்டைத் திருத்த வேண்டும். சிறு தொழிலுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006லேயே சட்டம் வந்துவிட்டது. எனக்கு 120 நாள் ஆகிறது. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்று பயம், யாரிடம் போய்ச் சொல்வது?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நாளைக்கே ஐந்து ஷார்ட் ஷாட் அடித்து வரிசையாகப் படம் எடுத்துப் போடுங்கள். கேட் எங்கே, ஓட்டை எத்தனை, சுவர் கனம் எவ்வளவு, ரீகிரைண்டு, அதாவது கழிவை அரைத்த மெட்டீரியல், எவ்வளவு கலக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். ரீகிரைண்டு கூடினால் இழை நறுங்கிக் குட்டையாகிவிடும், அதையும் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.