பையன் சைனா டூர் போறான், அனுப்பலாமா வேணாமான்னு கேட்ட அம்மாவுக்கு

அக்கா, உங்க மெசேஜ் ரெண்டு தடவ படிச்சேன், பத்து நாள், பெய்ஜிங், சியான், ஷாங்காய், ஸ்கூல் குரூப்போட போறான், கூட டீச்சர்ஸ் வர்றாங்க, இதுல பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா "டூர்ல குடுக்குற சர்டிபிகேட் காலேஜ் அட்மிஷனுக்கு உதவும்ல"னு கேட்டீங்க பாருங்க, உதவாது. அதுக்காகன்னா நகைய அடகு வச்சு அனுப்பாதீங்க.

அப்பறம் எதுக்கு போகணும்? ப்ளஸ் ஒன் படிக்கிற பையன், இன்ஜினியரிங்கா வேற எதாவதான்னு அவனுக்கே தெரியலன்னு சொன்னீங்க. அங்க அவன் கண்ணு எதுல நிக்குதுன்னு பாக்கணும், அவ்ளோதான். பெய்ஜிங்ல இருந்து ஷாங்காய்க்கு 1,318 கிலோமீட்டர், வேகமான டிரெய்ன் நாலரை மணி நேரத்துல போயிடுது, அந்த லைன்ல ஒரே ஒரு பாலம் மட்டும் கிட்டத்தட்ட 164 கிலோமீட்டர். சில பசங்க ஸ்பீட் மீட்டர போட்டோ எடுப்பாங்க, சில பேரு ஏன் தரைல போடாம தூண் மேல தூக்கி போட்டிருக்கான்னு கேப்பாங்க, ரெண்டாவது ரகம்னா சிவில் பத்தி பேசலாம். சியான்ல 1974ல கிணறு தோண்டுன விவசாயிங்க கண்டுபிடிச்ச, சுட்ட மண்ணுல செஞ்ச பழங்கால சிப்பாய் சிலைங்க இருக்கு, அதுல இருந்த பெயின்ட் வெளிக்காத்து பட்டதும் உரிஞ்சு போயிடுச்சு, அத காப்பாத்துறதே ஒரு கெமிஸ்ட்ரி வேலை, இப்படி ஒரு படிப்பு இருக்குன்னே நம்ம பசங்களுக்கு தெரியாது. சீன மொழில ஆர்வம் வந்தாலும் நல்லது, அதுக்கு HSKனு லெவல் லெவலா பரீட்சை இருக்கு, எழுதலாம். அந்த மொழில "மா"ங்கிற ஒரே சத்தம் ஒரு ராகத்துல அம்மா, இன்னொரு ராகத்துல குதிரை, பையன் உங்கள எப்படி கூப்பிடுறான்னு கவனிங்க 😄

ஒண்ணு மட்டும் கறாரா சொல்றேன். டூர் நடுவுல மெடிக்கல் யுனிவர்சிட்டி ஒண்ணுக்கு கூட்டிட்டு போயி அட்வான்ஸ் கட்ட சொன்னா கட்டாதீங்க. வெளிநாட்டுல டாக்டர் படிக்கணும்னா இங்க நீட் பாஸ் பண்ணிருக்கணும், கோர்ஸ் குறைஞ்சது 54 மாசம், அதுவும் இங்கிலீஷ் மீடியம், அதுக்கு மேல அங்கயே ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், திரும்பி வந்து இங்க ஸ்கிரீனிங் எக்ஸாம் வேற. இதெல்லாம் வீட்ல உக்காந்து நிதானமா முடிவு பண்ற விஷயம்.

வாட்ஸ்அப்ல பதில் வரலன்னா பதறாதீங்க. ஹோட்டல் வைஃபைல வாட்ஸ்அப், கூகுள் ரெண்டும் ஓடாது, நம்ம ஊரு சிம்ல ரோமிங் போட்டா பொதுவா ஓடும், கிளம்புறதுக்கு முன்னாடியே போட்ருங்க. கடைல எல்லாம் க்யூஆர்தான், இருந்தாலும் கொஞ்சம் யுவான் நோட்டு கைல கொடுங்க. பாஸ்போர்ட்ட பெட்டில வைக்க வேணாம், டிரெய்ன் ஏறவே அது வேணும்.

ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி கொடுங்க, தினம் ராத்திரி அன்னிக்கு அவனுக்கு புரியாத ஒரு விஷயம் எழுதணும், பாத்த இடத்தோட பேரெல்லாம் வேணாம். திரும்பி வந்ததும் நோட்டோட அவன மட்டும் என்கிட்ட அனுப்புங்க, நீங்க அடுத்த வாரம் வாங்க.