சார்ஜ்பேக் கட்டணத்தை இணைய விற்பனையாளர் எப்படிச் சமாளிப்பது?

வாங்கியவர் தன் வங்கியில் முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் (இதுதான் சார்ஜ்பேக்), அதற்கு மேல் என்னிடமே கட்டணமும் பிடித்தார்கள், இது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமில்லைதான். ஆனால் புகார் பதிவானதுமே கட்டணம் விழுந்துவிடும். அமெரிக்காவில், இணைய விற்பனையாளர்களுக்காக அட்டைப் பணத்தை வசூலித்துத் தரும் ஸ்ட்ரைப் நிறுவனம் ஒரு புகாருக்கு 15 டாலர் எடுக்கிறது. 10 டாலர் பொருள் விற்றவருக்கு அது விலையைவிட அதிகம்! ஆகவே சிறிய தொகை என்றால், வாடிக்கையாளர் முதலில் உங்களிடம் குறை சொல்லும்போதே பணத்தைத் திருப்பிவிடுங்கள். புகார் வங்கிக்குப் போன பிறகு தனியாகத் திருப்பி அனுப்பவே அனுப்பாதீர்கள். இரண்டு முறை இழக்க நேரிடும்.

எதிர்த்து வாதாடுவதென்றால் முதலில் புகாரின் காரணத்தைப் பாருங்கள். 'பொருள் வரவில்லை' என்றால் கூரியர் கண்காணிப்பு எண்ணும், சரியான முகவரியில் ஒப்படைத்த சான்றும் தேவை. 'நான் வாங்கவே இல்லை' என்பதுதான் கடினமானது. ஓடிபி போன்ற 3டி செக்யூர் சரிபார்ப்புடன் நடந்த பரிவர்த்தனை என்றால், அந்த இழப்புப் பொறுப்பு பெரும்பாலும் அட்டை வழங்கிய வங்கியைச் சேரும். அது இல்லாவிட்டாலும், 2023 ஏப்ரல் முதல் விசா அட்டை நிறுவனம் ஒரு வழி வைத்திருக்கிறது: அதே அட்டையில், புகார் தேதிக்கு 120 நாள்களுக்கு முந்தைய, ஓராண்டுக்குள்ளான, தகராறில்லாத இரண்டு வாங்கல்களைக் காட்டலாம். அவற்றிலும் புகாருக்குள்ளான வாங்கலிலும் ஐபி முகவரி (இணைய இணைப்பின் எண்) அல்லது சாதன அடையாளத்தோடு இன்னொரு விவரமும் ஒத்துப்போக வேண்டும். எனவே இந்தப் பதிவுகளை அழிக்காமல் வைத்திருங்கள்.

வங்கி அறிக்கையில் உங்கள் கடையின் பெயர் புரியும்படி வருகிறதா என்பதையும் இன்றே பாருங்கள். பெயர் தெரியாமல் புகார் செய்பவர்கள் ஏராளம்.