மாதுளைப் பூ கொட்டுகிறதா? முதலில் பூவின் அடியைப் பாருங்கள்

கேள்வி: சேலம் கன்னங்குறிச்சியில் வீட்டுக்குப் பின்னால் மாதுளை வைத்து 4 வருஷம் ஆகிறது. செடி நிறையப் பூ. ஆனால் விடிந்தால் பாதிப் பூ தரையில் கிடக்கிறது. நின்ற காய் ஐந்தாறுதான். உரக்கடையில் ‘பூ நிற்க’ என்று ஒரு டானிக் கொடுத்தார்கள். இரண்டு முறை அடித்தும் பலன் இல்லை. கன்று விற்றவரோ, “அது ஆண் செடிம்மா, வெட்டிட்டு வேற வைங்க” என்கிறார். வெட்டிவிடலாமா?

பதில்: வெட்டாதீர்கள் அம்மா. பப்பாளியில் ஆண் மரம் உண்டு, பனையில் உண்டு. மாதுளையில் ஆண் செடி என்று ஒன்று கிடையாது. காய் பிடிக்கும் பூவும் பிடிக்காத பூவும் ஒரே செடியில், ஒரே கிளையில்கூடச் சேர்ந்தே வரும். இது அந்த ஆளுக்கும் தெரிந்திருக்கும். நீங்கள் வெட்டினால்தானே அவருக்கு அடுத்த கன்று விற்கும்!

கொட்டிக் கிடக்கும் பூக்களில் ஒரு கைப்பிடி பொறுக்கி வாருங்கள். இதழை விட்டுவிட்டு, கீழே தடித்துச் சிவந்திருக்கும் அடிப்பகுதியைப் பாருங்கள். புல்லியும் இதழும் மகரந்தக் காம்புகளும் அடியில் ஒன்றாய் ஒட்டி வளர்ந்த கிண்ணம் அது. தாவரவியலில் ஹைபாந்தியம் என்பார்கள். காய் முற்றியதும் தலையில் கிரீடம் மாதிரி நிற்கிறதே, அது இந்தக் கிண்ணத்தின் விளிம்புதான்.

அடி சொம்பு மாதிரி உருண்டு பருத்திருந்தால் அது காய்க்கிற பூ. காம்பை நோக்கிக் கூம்பி, கவிழ்த்துப் பிடித்தால் மணி போல இருந்தால் அது ஆண் பூ. சந்தேகம் இருந்தால் பிளேடால் நெடுக்காகக் கீறிப் பாருங்கள். சொம்புப் பூவின் அடியில் வெள்ளை வெள்ளையாய்ப் பொடி உருண்டைகள் நெருக்கி அடுக்கியிருக்கும். நாளைய முத்துகள் அவைதான். நடுவில் சூல் தண்டு மகரந்தக் காம்புகளின் உயரத்துக்கு எழுந்து நிற்கும். மணிப் பூவிலோ சூல் தண்டு குட்டையாய் நின்றுபோயிருக்கும், அடியிலும் ஒன்றும் தேறாது. அது உதிரத்தான் உதிரும். நோயும் இல்லை, சத்துக் குறைவும் இல்லை. பூத்ததில் பாதிக்கு மேல் இந்த வகையாக இருப்பதும் சகஜம்.

இரண்டுக்கும் நடுவே ஒன்று உண்டு. நிறையப் பேர் குழம்புவது இதில்தான். அடி பருக்கவும் பருக்காமல் கூம்பவும் கூம்பாமல் குழாய் மாதிரி நேராக இருக்கும். சூல் தண்டும் அரைகுறை உயரம். இதில் சில பூ பிடிக்கும். பிடித்தாலும் பிஞ்சிலேயே உதிரலாம், அல்லது ஒரு பக்கம் சப்பிய காயாக வளரலாம். செடி மண்ணில் நன்றாக ஊன்றி, மற்ற காய் குறைவாக இருந்தால் விட்டுப் பாருங்கள். தொட்டிச் செடியாக இருந்தாலோ, பக்கத்திலேயே சொம்புப் பூ நின்றாலோ இதைக் கிள்ளிவிடலாம். கோணல் காயைப் பார்த்துப் பூச்சி என்று நினைத்து மருந்து அடிக்கிறவர்கள் உண்டு. அதற்காகவே இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

இப்போது அந்த டானிக். எந்தத் திரவமும் மணிப் பூவைக் காயாக்காது. பூ நிற்க என்று விற்பவற்றில் பலவற்றில் இருப்பது என்.ஏ.ஏ. என்ற வளர்ச்சி ஊக்கி. அளவு கூடினால் அதுவே உதிர்க்கவும் செய்யும். ஆப்பிள் தோட்டங்களில் பிஞ்சைக் குறைப்பதற்கே அதைத் தெளிக்கிறார்கள். கடைக்காரர் மூடியில் ஊற்றி “ஒரு மூடி போதும்” என்றால், எந்த மூடி, எத்தனை லிட்டர் தண்ணீருக்கு? லேபிளில் என்ன இருக்கிறது என்று அச்சிடாத பாட்டிலைக் கையால் தொடாதீர்கள். செடியின் வளர்ச்சியைத் தூண்டும் என்று டானிக்காக விற்கும் உயிர் ஊக்கிகளை (பயோஸ்டிமுலன்ட்) உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் 2021இல்தான் கொண்டுவந்தார்கள். அதன் பிறகும் தற்காலிகப் பதிவு என்று சொல்லிக் கெடுவை நீட்டிக்கொண்டே போனார்கள். ஆணை போடுகிறவர்களுக்கு அவசரம் இல்லை, பாட்டில் விற்பவர்களுக்கு இருக்கிறது.

உதிர்ந்ததில் சொம்புப் பூக்களே அதிகமாக இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். நாலு நாள் காயப்போட்டு ஐந்தாம் நாள் குளமாக்கினால் பூவும் நிற்காது, நின்ற காயும் வெடிக்கும். அளவாக, ஒரே சீராக விடுங்கள். யூரியாவை நிறுத்துங்கள், அது இலையைத்தான் கொழுக்க வைக்கும். பூக்கும் சமயத்தில் பூச்சிமருந்து வேண்டாம், தேனீ வரட்டும். அடியில் முளைக்கும் பக்கக் கன்றுகளை அவ்வப்போது அறுத்துவிடுங்கள்.

இன்னொரு செடி வைப்பதாக இருந்தால் விதைக்கன்று வாங்காதீர்கள், தாய்ச் செடியின் குணம் அப்படியே வராது. தண்டுக் குச்சியிலோ பதியனிலோ வந்த கன்றாகக் கேளுங்கள். நம் மலையிலேயே, ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ‘ஏற்காடு 1’ என்ற ரகம் இருக்கிறது. தோலை எளிதாக உரிக்கலாம், விதையும் மென்மை. ஆனால் கீழே சாலையோரத்தில் எந்தக் கன்றைக் கேட்டாலும் அதுதான் என்பார்கள். ரகப் பெயர் எழுதிய பில் தருகிறவரிடம் மட்டும் வாங்குங்கள்.

இப்போது நிற்கிற ஐந்தாறு காயும் முக்கியம். பிஞ்சிலும் கிரீடத்திலும் ஒரு வண்ணத்துப்பூச்சி முட்டை வைக்கும், புழு துளைத்து உள்ளே போய்விடும். காய் எலுமிச்சை அளவு வரும்போதே பட்டர் பேப்பர் பையோ பழைய மெல்லிய துணியோ போட்டு, காம்பில் தளர்வாகக் கட்டிவிடுங்கள்.