பெரிய பியூஸ் போடலாமா?

நிலாவெளியில் ஒரு விடுதியில் பராமரிப்பு வேலை பார்க்கும் வாசகர் எழுதுகிறார்: "மூன்று அறைகளின் ஏசி கொன்ட்ரோலர்களுக்கு ஒரே 24 வோல்ட் டிரான்ஸ்ஃபோமரில் இருந்து கரண்ட் எடுத்தேன். தனித்தனியாக நன்றாக ஓடின. ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் வயரால் மூன்றையும் இணைத்ததும் பியூஸ் போய்விட்டது. பெரிய பியூஸ் போடலாமா?"

தயவுசெய்து போடாதீர்கள். டிரான்ஸ்ஃபோமரும் கொன்ட்ரோலர்களும் கருகாமல் தப்பியது அந்தச் சின்ன பியூஸால்தான்.

மாறுமின்னோட்டம்தானே, வயரை எப்படி மாட்டினாலும் சரி என்று பலர் நினைக்கிறார்கள். கொன்ட்ரோலரின் உள்ளே அது நேர்மின்னோட்டமாகிறது. ஒரே டயோட்டால் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் சிறு பாகம்) மாற்றும் வகையில், இரண்டு கரண்ட் முனைகளில் ஒன்று பலகையின் பொது முனையோடு நேராகச் சேர்ந்திருக்கும். ஒன்றில் மட்டும் வயர் இடம் மாறியிருந்தால் தனியாக ஓடும்போது தெரியாது. தகவல் வயரின் பொதுக் கம்பி சேர்ந்ததும் டிரான்ஸ்ஃபோமரின் இரு முனைகளும் ஒன்றோடொன்று முட்டி ஷோர்ட் ஆகும்.

தகவல் வயரைக் கழற்றிவிட்டு, இரண்டு கொன்ட்ரோலர்களின் பொது முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டரை மாறுமின்னோட்ட வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 0 வோல்ட் காட்டினால் சரி. 24 காட்டினால் அவற்றில் ஒன்று தலைகீழ். மூன்றையும் இப்படி ஒப்பிட்டால் எது என்று தெரிந்துவிடும். கரண்டை நிறுத்திவிட்டு வயரை மாற்றி, ஒரே நிறம் ஒரே முனைக்கு என்று கடைசி வரை பிடியுங்கள்.

நான்கு டயோட் உள்ள வகையும் உண்டு. அதை ஒரு டயோட் வகையோடு ஒரே டிரான்ஸ்ஃபோமரில் சேர்த்தால், வயர் சரியாக இருந்தாலும் கெடும். அதற்குத் தனி டிரான்ஸ்ஃபோமர் கொடுங்கள். எந்த வகை என்பது கூட வரும் தாளில் இருக்கும்.

அப்புறம் சுமை. வால்வு மோட்டார்களையும் சேர்த்து, லேபிளில் உள்ள விஏ (வோல்ட்டை அம்பியரால் பெருக்கிய அளவு) எண்களைக் கூட்டுங்கள். 40 விஏ டிரான்ஸ்ஃபோமரில் 32க்கு மேல் நான் ஏற்றுவதில்லை. தூரமும் முக்கியம்: 0.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 40 மீற்றர் தள்ளி 1 அம்பியர் இழுத்தால், போக வர 3 வோல்ட் அளவில் வழியிலேயே போய்விடும். 1.5 வயரில் 1 வோல்ட்தான்.

மிகவும் பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. இரண்டு டிரான்ஸ்ஃபோமர்களின் 24 வோல்ட் பக்கங்கள் தவறுதலாகச் சேர்ந்திருந்தால், ஒன்றின் பிளக்கைப் பிடுங்கினாலும் அதன் பின்களில் 230 வோல்ட் நிற்கும், மற்றது பின்பக்கமாக ஊட்டுவதால். மெயினை நிறுத்துங்கள், டெஸ்டர் வைத்துப் பாருங்கள், பிறகு கை வையுங்கள். 230 வயரையும் 24 வயரையும் ஒரே குழாயில் இழுக்காதீர்கள்.

கடலோரம் என்பதால் பெட்டியின் மேற்பக்கம் துளை போடாமல் கீழிருந்தே வயரை ஏற்றுங்கள். வாடைக்காற்று மழையோடு உப்பையும் உள்ளே கொண்டுவரும். திறந்து கிடக்கும் செம்பு நுனி பச்சையாகப் பூத்துத் தளர்ந்துவிடும். நுனிக்குக் குப்பி (ஃபெரூல் எனும் சிறு உலோகக் குழல்) மாட்டி இறுக்குங்கள். ஏசியின் தண்ணீர்த் தட்டுக்கு நேர் கீழே பெட்டியைப் பூட்டவே வேண்டாம்.