வரலாற்றுப் படங்களில் கிறிஸ்தவம் ஏன் எப்போதும் வில்லனாகவே வருகிறது?

நீங்கள் கேட்டிருக்கும் தொனியிலேயே தெரிகிறது, அண்மையில் ஏதோ ஒரு படம் பார்த்து மனம் நொந்திருக்கிறீர்கள். பக்கத்தில் இருந்தவர் யாராவது ஏதாவது சொல்லியும் இருப்பார். எனக்கும் அப்படித்தான் நடந்தது.

முதலில், 'எப்போதும்' என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 1951-இல் வந்த 'குவோ வாடிஸ்', 1959-இல் வந்த 'பென்-ஹர்' காலத்தில் நிலைமை நேர் எதிராக இருந்தது. கிறிஸ்தவன் என்றால் சாந்த சொரூபி, ரோமாபுரி என்றால் கொடுமை. அதுவும் முழு உண்மை இல்லை. இன்றைக்குத் தராசு மறுபக்கம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திருச்சபை செய்த அநியாயங்களை மறைக்கச் சொல்கிறேன் என்று யாரும் பின்னூட்டத்தில் சண்டைக்கு வர வேண்டாம். 1099-இல் சிலுவைப்போர் வீரர்கள் எருசலேமில் நடத்திய படுகொலை நடந்ததுதான். மத விசாரணை மன்றங்கள் இருந்தன, மனிதர்களை எரித்தார்கள். இவற்றையெல்லாம் படமாக எடுக்கத்தான் வேண்டும். என் வருத்தம் வேறு.

நான் ஒரு திரைப்படக் குழுவில் இருக்கிறேன். படம் பார்த்துவிட்டுப் பேசுவோம். ஒருமுறை 2009-இல் வந்த 'அகோரா' போட்டார்கள். அலெக்சாண்ட்ரியாவில் வாழ்ந்த கணித அறிஞர் ஹைபேஷியாவை கி.பி. 415-இல் ஒரு கிறிஸ்தவக் கும்பல் கொன்ற கதை. படம் முடிந்து விளக்கு போட்டதும் முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பி என்னைப் பார்த்து, "உங்க ஆளுங்க செஞ்ச வேலையைப் பாத்தீங்களா சார்?" என்றார். அங்கே என் பெயர் ஒன்றுதான் கிறிஸ்தவப் பெயர். எல்லோரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

நான் சொன்னது இதுதான்: அந்தக் கொலை உண்மை. சொல்லப்போனால் படத்தில் வருவதைவிடக் கொடூரமாகவே நடந்தது. படத்தில் பழைய அடிமை ஒருவன் இரக்கப்பட்டு, கல்லடி படும் முன்பே அவள் மூச்சை அடக்கிவிடுகிறான். உண்மையில் அந்த இரக்கம் அவளுக்குக் கிடைக்கவில்லை. தேவாலயத்துக்குள் இழுத்துப்போய், ஆடையை உருவி, ஓட்டுச் சில்லுகளால் கொன்று, உடலைத் துண்டாக்கி எரித்தார்கள். இது நமக்கு எப்படித் தெரியும்? அதே காலத்தில் வாழ்ந்த சாக்ரடீஸ் ஸ்கொலாஸ்டிகஸ் எழுதிவைத்ததால் தெரியும். அவர் ஒரு கிறிஸ்தவர், திருச்சபை வரலாற்றாசிரியர். நடந்ததை அவர் பூசி மெழுகவில்லை. இந்தக் கொலை ஆயர் சிரிலுக்கும் அலெக்சாண்ட்ரியா சபைக்கும் பெரிய அவமானம் என்றும், இப்படிப்பட்ட கொலைக்கும் கிறிஸ்தவத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றும் எழுதினார். சிரிலைத் திருச்சபை பின்னாளில் புனிதர் என்று கொண்டாடியது. அப்படியும் அந்த வரிகள் அழியாமல் இருக்கின்றன.

அந்தக் குரல் படத்தில் எங்கே?

சினேசியஸ் விஷயம் இன்னும் வேதனை. அவர் ஹைபேஷியாவின் மாணவர், பிற்பாடு ஆயரானவர். அவளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. நோயில் படுத்திருந்தபோது எழுதிய ஒன்றில் அவளைத் தாய் என்றும் சகோதரி என்றும் ஆசிரியை என்றும் அழைக்கிறார். தன் பிள்ளைகளை வரிசையாகப் பறிகொடுத்த மனிதர், ஆயர் பதவியில் இருந்துகொண்டு, கிறிஸ்தவர் அல்லாத தன் ஆசிரியையிடம் ஆறுதல் தேடுகிறார். எவ்வளவு பெரிய காட்சி! படத்தில் அவர் அவளை ஞானஸ்நானம் பெறச் சொல்லி நெருக்குகிறவராக வந்துபோகிறார். அவள் கொல்லப்படும் முன்பே அவர் இறந்துவிட்டார் என்றுதான் பொதுவாகக் கருதுகிறார்கள்.

என் வருத்தம் இதுதான். கெட்டவன் கெட்டது செய்தால் அதற்குக் காரணம் அவன் மதம். நல்லவன் நல்லது செய்தால் அவனுக்கும் மதத்துக்கும் தொடர்பே இருக்காது. சபைக்குள்ளேயே இருந்து எதிர்த்து நின்ற விசுவாசியைத் திரையில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

2005-இல் ரிட்லி ஸ்காட் சிலுவைப்போர் காலத்தைப் பற்றி எடுத்த 'கிங்டம் ஆஃப் ஹெவன்' படத்தையும் பாருங்கள். தொடக்கத்திலேயே ஒரு பாதிரியார், தற்கொலை செய்துகொண்ட பெண்ணின் கழுத்துச் சிலுவையைத் திருடி, அவள் தலையை வெட்டச் சொல்கிறார். கடைசியில் எருசலேமின் முதுபெரும் தந்தை, அதாவது தலைமை ஆயர், ஹெராக்ளியஸ், மக்களை விட்டுவிட்டுக் குதிரையேறி ஓடிவிடலாம் என்கிறார். பிறகு, இப்போதைக்கு மதம் மாறுவோம், மனந்திரும்புவதை அப்புறம் பார்க்கலாம் என்கிறார். அரங்கமே சிரிக்கும் இடம் அது.

உண்மையான ஹெராக்ளியஸ் புனிதர் ஒன்றும் இல்லை. அவருடைய ஒழுக்கத்தைப் பற்றி அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்களே காறித் துப்பியிருக்கிறார்கள். ஆலயத்துச் செல்வத்தோடு வெளியேறினார் என்று முஸ்லிம் வரலாற்றாசிரியர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 1187-இல் நகரம் முற்றுகையில் இருந்தபோது அவர் ஓடவில்லை. நகரைக் காத்து நின்ற தளபதி பேலியனோடு உள்ளேயே இருந்தார். ஆணுக்குப் பத்து தினார், பெண்ணுக்கு ஐந்து என்று மீட்புத்தொகை முடிவானபோது, கட்ட வழியில்லாத ஏழைகளில் ஒரு பகுதியினரையாவது விட்டுவிடும்படி, முற்றுகையிட்ட சுல்தான் சலாவுதீனிடம் கேட்டவர்களில் அவரும் ஒருவர். பலர் அப்படி விடுதலையானார்கள், மீதிப் பேர் அடிமைகளாகப் போனார்கள். பேராசையும் இரக்கமும் ஒரே ஆளிடம் இருந்திருக்கின்றன. நல்ல இயக்குநருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு கோழையை வைத்துச் சிரிக்கவைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அதே படத்தில் சலாவுதீன் தரையில் கிடக்கும் சிலுவையை எடுத்து மேசைமேல் நிறுத்தி வைப்பார். எனக்கு மிகவும் பிடித்த காட்சி. அந்த மரியாதை அவருக்குத் தகும். அவரை உயர்த்தியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இதையெல்லாம் அன்று பேசியதைக் கேட்டு, ஓர் இணைய இதழிலிருந்து கட்டுரை கேட்டார்கள். இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். வெளியானபோது ஹைபேஷியாவைக் கொன்ற விதம் மட்டும் இருந்தது. ஸ்கொலாஸ்டிகஸ் இல்லை, சினேசியஸ் இல்லை. 'ஒரு கிறிஸ்தவரின் ஒப்புதல்' என்று தலைப்பு வேறு. நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. மின்னஞ்சல் அனுப்பினேன், இடம் போதவில்லை என்றார்கள். இணையத்தில் என்ன இடப் பற்றாக்குறை? எழுதுகிறவனைக் கேட்காமல் பாதியை வெட்டி, அவன் பெயரையும் கீழே போடுவது எந்த ஊர் நியாயம்? சினிமா தாண்டி எந்தப் பொருளில் எழுதுகிறவர்களுக்கும் இது நடக்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நம்மைப் புகழும் படமாகத் தேடாதீர்கள். 'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்' (1966) அருமையான படம், ஆனால் அதன் நாயகன் தாமஸ் மோர் இங்கிலாந்தின் சான்சலர் பதவியில் இருந்தபோது எரிக்கப்பட்டவர்களைப் பற்றி அதில் மூச்சு இல்லை. கார்ல் டிரையர் 1928-இல் எடுத்த 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்' பாருங்கள். பிரெஞ்சு வீராங்கனை ஜோனை மத விரோதி என்று 1431-இல் நடத்திய விசாரணையின் பதிவேட்டிலிருந்து உருவான மௌனப் படம். அவளைத் தீயில் தள்ளுகிற ஆயர்களும் கிறிஸ்தவர்கள், எரிகிறவளும் கிறிஸ்தவள். நீதிபதிகளின் முகத்துத் தோலும் மருவும்கூடத் தெரியும் அளவுக்குக் காமிரா கிட்டே போகிறது. அவர்களில் ஒருவர் கண்கலங்குவதையும் விடவில்லை. அவள் சாகும்போது ஒரு துறவி அவள் பார்வையில் படும்படி சிலுவையைத் தூக்கிப் பிடிக்கிறார். அதுவும் கற்பனை இல்லை. 1456-இல் பழைய தீர்ப்பை ரத்து செய்த மறுவிசாரணையில் சாட்சியமாகச் சொல்லப்பட்டது.

அடுத்த முறை யாராவது "உங்க ஆளுங்க" என்று ஆரம்பித்தால், அந்தத் துறவியும் எங்கள் ஆள்தான் என்று சொல்லுங்கள். தீ வைத்தவர்களும் எங்கள் ஆள்கள்தான் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.